கடித்த பக்கம் கீழே

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனுக்குப் போய், ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையாக ருசி பார்ப்பது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வழக்கம். அன்று முதல்முறையாக ஒரு சிங்களக் கடைக்குள் நுழைந்தோம். கேட்காமலேயே தட்டு நிறைய மீன் வைத்த மாலுபான், ரோல்ஸ், பட்டீஸ் கொண்டுவந்து வைத்தார்கள்.

“இம்புட்டையும் எப்படிங்க தின்னுறது?” என்றேன்.

“எல்லாத்துலயும் ஒரு கடி கடிச்சுப் பார்ப்போம்,” என்றவர், அப்படியே செய்தார். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று நான் கடித்த பக்கத்தையெல்லாம் கீழே திருப்பி அடுக்கினேன்.

வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டால் மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும் என்பது எங்களுக்குத் தெரியாது. பரிமாறுகிறவர் தட்டைத் தூக்கிப் பின்மேசையில் வைத்தார். அங்கே உட்கார்ந்திருந்தவர், தேயிலைத் தோட்டத்தில் எங்களை வேலை வாங்குகிற கண்டாக்கையா!

அவர் ஒரு மாலுபானைத் திருப்பிப் பார்த்து, “எலி கடிச்சிருக்குய்யா!” என்று கத்தினார். முதலாளி ஓடிவந்தார். கண்டாக்கையா அதை வெளிச்சத்தில் பிடித்து, “எலிக்கு ஏன்யா முன்பல்லு ஒண்ணக் காணோம்?” என்றார்.

என் வீட்டுக்காரருக்கு முந்தின நாள்தான் முன்பல் விழுந்திருந்தது.

“நீயே பாருப்பா, இது எலிதானா?” என்று கண்டாக்கையா இவரிடமே நீட்டினார். இவர் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். காசை மேசையில் வைத்துவிட்டு நழுவினோம்.

இப்போது எந்தக் கடையிலும் ஒன்றைத் தின்று முடித்த பிறகே அடுத்ததைத் தொடுகிறோம். வேலைக்குப் பேர் கொடுக்கிற காலைப் பெரட்டில் இவர் இன்னும் வாயைத் திறப்பதில்லை. “இந்தத் தோட்டத்துலயே எதிர்த்துப் பேசாத ஆளு இவன்தான்,” என்று கண்டாக்கையா மெச்சிக்கொள்கிறாராம்.

— பெயர் போட வேண்டாம், நோர்வூட். கண்டாக்கையாவும் இந்தப் பத்திரிகை வாசிக்கிறவர்.