குறை சொன்னால் மார்க்

என் சின்ன மருமகள் முள்ளிப்பட்டுக்காரி. கைக்குழந்தை இருக்கும்போதுதான் எம்.ஏ. படிக்கக் கிளம்பினாள். ஆரணியிலும் வீட்டுக்கு வீடு செல்போன் வர ஆரம்பித்திருந்த சமயம் அது. சனி, ஞாயிறு மட்டும் வேலூரில் யுனிவர்சிட்டி வகுப்பு. அவள் பஸ் ஏறினால் குழந்தை என் இடுப்பில் ஏறிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"இன்னாமா, பஸ்ல சீட்டு கெடைக்கலியா?"

"பேப்பரத் திருப்பிக் குடுத்துட்டாங்க அத்தை."

எனக்குத் தெரிந்த பேப்பர் இரண்டு. ஒன்று காலையில் டீக்கடைக்கு வருவது. இன்னொன்று பரீட்சையில் எழுதுவது. இது இரண்டும் இல்லையாம். யாரோ ஒருத்தர் எதையோ ஆராய்ந்து எழுதியதும் பேப்பராம். அதைப் படித்துவிட்டு இவள் எழுதுவதும் பேப்பராம். அப்போ இவள் எழுதியதைப் பார்த்து மேடம் எழுதுவது என்ன பேப்பர் என்று கேட்டேன். அது மார்க்காம். எனக்குத் தலை சுற்றியது.

"அந்த ஆளு எழுதனதுல எங்க கொறை கீதுன்னு நான் சொல்லணும் அத்தை. நல்லா கீது, நல்லா கீதுன்னே மூணு பக்கம் எழுதிட்டேன். ரெண்டு வாட்டி திருப்பிட்டாங்க. வர்ற சனிக்கெழமையும் இப்டியே குடுத்தா ஃபெயிலுதான்."

ஃபெயில் என்ற ஒரு வார்த்தை என் மகன் காதில் விழுந்தால் போதும், படிப்பை நிறுத்திவிடுவான். பிள்ளை அழுகிறது, சட்டை துவைக்கவில்லை என்று ஏற்கெனவே முனகிக்கொண்டிருந்தான். அவள் பயமெல்லாம் அதுதான்.

எனக்கு வேறு குழப்பம். "கொறை சொல்றதுக்கா மார்க்கு? அந்த கிளாஸ்ல மாமியாருங்களயும் சேத்துக்குவாங்களாமா? நான் ஒரே வருசத்துல வாத்தியாரே ஆயிடுவேனே!"

அவள் சிரிக்கவில்லை.

"சரி, நீ எழுதறது அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"தெரியாது அத்தை."

"முதுகுக்குப் பின்னால பேசறது! எங்க தெருவுக்கே மெடல் குடுக்கணும். நீ எழுதனா அவருக்குக் கூலி புடிச்சிக்குவாங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்பா நெய்த புடவையை முதலாளி வீட்டில் கொடுக்கப் போகும்போது சின்னப் பெண்ணாக இவளும் கூடப் போவாளாம். முதலாளி வாசல் வெளிச்சத்தில் புடவையை விரித்து விரலால் தடவிக்கொண்டே வருவாராம். விரல் நின்ற இடத்தில் அப்பாவின் கூலி குறையுமாம். அப்பா கொடுத்ததை வாங்கி மடியில் முடிந்துகொண்டு வருவாராம்.

"கொறைன்னு எழுதப் போனா அந்த வெரலுதான் ஞாபகம் வருது அத்தை. கை ஓடல."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. வாய்தான் தெரியும். "அப்ப என்னை வெச்சு எழுதிப் பழகு. எனக்குக் கூலியே கெடையாது, புடிக்கறதுக்கு இன்னா கீது?"

"ஐயோ, வேணாம் அத்தை."

"எழுதுமா ஜல்தி. உன் வீட்டுக்காரன் வர்றதுக்குள்ள."

எழுதினாள். படிக்கச் சொன்னேன்.

"அத்தை பேசனா கேட்டுகினே இருக்கலாம்." நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஆனா மூணு வீட்ல கேட்டுட்டு ஊரே சொல்லுதும்பாங்க. அந்த மூணு வீடும் அவங்க சொந்தக்காரங்க வீடுதான். நாலாவது வீட்ல வேற மாதிரி சொல்லிடுவாங்களோன்னு அந்தப் பக்கமே போகமாட்டாங்க."

கல்யாணமாகி வந்த நாள் முதல் "சரிங்க அத்தை"க்கு மேல் பேசாதவள். சிரிப்பதா, கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுப்பதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "அத்தை! அந்த ஆளும் இதேதான் பண்ணிக்கீறாரு!" என்று கத்தினாள். அந்தப் பேப்பர் படிக்கிற பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றியதாம். அவர் தன் காலேஜ் ஹாஸ்டலில் மட்டும் கேட்டுவிட்டு, ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான் தூங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறாராம்.

அப்புறம் என்னை யார் பார்த்தார்கள்? தலை குனிந்தவள் குனிந்தவள்தான், பேனா ஓடியது. நான் திட்டு வாங்கினேனா, ஒத்தாசை பண்ணினேனா என்று புரியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். குழந்தையும் என்னைச் சந்தேகமாகப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பேப்பர் திரும்பி வரவில்லை. இதைத்தான் கேட்டேன் என்று மேடம் சொன்னார்களாம். என் மகன் "பாஸா?" என்று ஒரு வார்த்தை கேட்டான். பிறகு, "நாளைக்கும் அதே பஸ்ஸுதானா? சட்டைய நானே தொவச்சிக்கறேன்," என்றான். அவன் சட்டையை அவனே துவைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அழுக்குப் போகவில்லை. குறை சொல்லலாமா என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் வீட்டில் என் பிழைப்புப் போய்விட்டது. "ஊரே சொல்லுது" என்று ஆரம்பித்தால், உள்ளேயிருந்து "எத்தினி வீடு அத்தை?" என்று குரல் வரும். இடுப்பில் இருந்த அந்தக் குழந்தையும் வளர்ந்து, "எத்தினி வீடு ஆயா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டது.

அந்தத் தூக்கக்காரருக்குக் கூலி பிடித்தார்களா, இல்லையா என்பது மட்டும் எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. பிடிக்கவில்லை என்று மூன்று பேர் சொல்கிறார்கள். மூன்று பேரும் எங்கள் வீட்டு ஆட்கள்தான்.