ரோலர்காரர் வீட்டு உயிர்வாழ் சான்று

பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை நான். இருபத்தாறு வருடமாகக் கோப்புகளோடு மாரடிக்கிறவளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? ஆனால் இது எனக்கு நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. எத்தனை மணிக்கு என்ன என்பது வரை என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நம்பினால் நம்புங்கள். கதை விடுகிறாள் என்று சிரித்தால் சிரித்துவிட்டுப் போங்கள்.

நகராட்சியில் ஓய்வூதியப் பிரிவுக்கு நான் கண்காணிப்பாளர். எங்களிடம் ஓய்வூதியம் வாங்கும் அறுநூற்றுச் சொச்சம் பேரும் வருடத்துக்கு ஒரு தடவை நேரில் வந்து தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்டவேண்டும். அதற்குப் பெயர் உயிர்வாழ் சான்று. காட்டாவிட்டால் அடுத்த மாதம் பணம் நின்றுவிடும். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கு நாங்களே போவோம். முன்பெல்லாம் எழுத்தர்கள் வாசலில் நின்றபடியே "ஐயா நல்லா இருக்காரா?" என்று கேட்டு முத்திரை குத்திவிட்டு வந்துவிடுவார்கள். அப்படித்தான் செத்துப்போன ஒருவருக்குப் பதினான்கு மாதம் ஓய்வூதியம் போனது. அந்தக் கூத்துக்குப் பிறகு நான் ஒரு விதி போட்டேன். கட்டில் வரை போகவேண்டும், ஆளைத் தொட்டுப் பார்க்கவேண்டும், கூட இருப்பவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கவேண்டும். அன்றிலிருந்து என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'நாடி மேடம்' என்று பெயர்.

அன்று முப்பதாம் தேதி. கடைசி நாள். போகவேண்டிய எழுத்தர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பட்டியலில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெயர். நகராட்சியில் ரோடு ரோலர் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாலு வருடமாகப் பக்கவாதம். பேச்சும் போய்விட்டது. மனைவியை விட்டால் அவருக்கு வேறு நாதி இல்லை. மாலை ஐந்தே முக்காலுக்குள் படிவம் வந்து சேராவிட்டால் அடுத்த மாதம் இரண்டு பேரும் பட்டினிதான். எனக்கு மனசு கேட்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன்.

அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது மணி 2.50. கதவோரம் ஒரு கேஸ் சிலிண்டர் இருந்தது. கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். தட்டுவதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. ஒல்லியாக ஒரு அம்மா நின்றிருந்தார். எழுபது வயது இருக்கும். தலை முழுக்க ஈரம்.

"வாங்கம்மா. உள்ள வாங்க."

"ஓய்வூதிய ஆபீஸ்ல இருந்து வர்றேன்மா. ஐயாவைப் பார்க்கணும்."

"உள்ள வாங்க."

மதியம் மூன்று மணிக்கு யார் தலைக்குக் குளிப்பார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. நோயாளியை வைத்துக்கொண்டு இருக்கிறவருக்கு எப்போது நேரம் கிடைக்கிறதோ அப்போதுதானே குளிக்கமுடியும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளே ஒரு வாடை. படுக்கை வாடை என்று நினைத்தேன். சுவரில் தினசரி நாட்காட்டி இருபத்தேழாம் தேதியைக் காட்டியது.

"மூணு நாளா கிழிக்கலையாம்மா?"

"கிழிக்க முடியலம்மா."

பின்பக்கத்தில் எங்கோ குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. சொட்... சொட்... சொட்... அவர் கூந்தல் நுனியிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அவர் நடந்து வந்த தரை காய்ந்தே கிடந்தது... அதையும் பார்த்தேன். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. என் கவனமெல்லாம் படிவத்தில் இருந்தது.

ரோலர்காரர் சுவரோரக் கட்டிலில் கிடந்தார். கையைத் தொட்டேன். கொதித்தது. உயிர் இருக்கிறது, நமக்கு அது போதும். மையில் தோய்த்துப் பெருவிரல் ரேகை எடுத்தேன். நாங்கள் எப்போதும் விரலைத்தான் பார்ப்போம், முகத்தைப் பார்க்கமாட்டோம். அது எங்கள் தொழில் புத்தி.

"அவருக்கு ஒரு வாய் தண்ணி குடுங்கம்மா" என்றார் அந்த அம்மா. சுவரை ஒட்டி நின்றிருந்தார்.

கட்டிலுக்கு இரண்டடி தள்ளி ஒரு ஸ்டூல். அதில் நிறையத் தண்ணீரோடு ஒரு கூஜா, பக்கத்தில் டம்ளர்.

"நீங்க குடுங்கம்மா. எனக்கு நேரமாகுது."

"குடுங்கம்மா..."

"இதையும் முடிச்சிடறேன்மா, இருங்க."

"குடுங்கம்மா."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஊரில் இருக்கிற வேலையெல்லாம் என் தலையில்தானா? சரி, தொலைகிறது என்று டம்ளரில் ஊற்றி, அவர் தலையைத் தூக்கி, வாயில் வைத்தேன். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. ஒரு டம்ளரைக் குடித்தார். இரண்டாவதையும் குடித்தார். மூன்றாவது. நாலாவது... கண்ணை என் மீதிருந்து எடுக்கவே இல்லை.

"சாட்சிக் கையெழுத்து போடணும்மா" என்று திரும்பினேன்.

"கை ஈரமா இருக்கும்மா. தாள் நனைஞ்சிடும்."

"தொடைச்சிட்டு வாங்க."

அவர் அசையவில்லை. அதற்குள் என் போன் அடித்தது. ஆணையர் கூப்பிடுகிறாராம், உடனே வரவேண்டுமாம். அவசர அவசரமாகப் பையை மூடினேன். ரோலர்காரரின் நல்ல கை என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. நான் ஒவ்வொரு விரலாக விடுவித்துவிட்டு வெளியே வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மணி 3.20. எனக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. டக்.

ஆணையர் அறையில் அரை மணி நேரம் போனது. இருக்கைக்கு வந்து படிவத்தைக் கொடுத்தேன். எங்கள் தட்டச்சர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சாட்சி இடம் காலியா இருக்கே மேடம்! நாங்க விட்டிருந்தா தோலை உரிச்சிருப்பீங்க."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. நாலு டம்ளர். வீட்டில் மனைவி இருக்கிறார். கூஜாவில் தண்ணீர் இருக்கிறது. அப்புறம் எதற்கு ஒரு மனிதர் நாலு டம்ளர் குடிக்கிறார்?

படிவத்தைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

மணி 4.40. கதவு மூடியே இருந்தது. தட்டினேன். "அம்மா!" மறுபடியும் தட்டினேன். உள்ளே அந்தத் தொண்டைச் சத்தம் மட்டும் கேட்டது. எதிர்வீட்டுக்காரர் வந்தார்.

"அந்தம்மா உள்ளதானே இருப்பாங்க?"

"கதவை உடைங்க சார்."

"என்னம்மா சொல்றீங்க?"

"உடைங்க!"

மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. உள்ளேயிருந்து போட்ட தாழ்ப்பாள்.

ரோலர்காரர் கட்டிலில் அப்படியே கிடந்தார். கண் மட்டும் பின்பக்கம் போனது.

குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

சொட்... சொட்...

எதிர்வீட்டுக்காரர்தான் தள்ளினார்.

அந்த அம்மா தரையில் கிடந்தார். குழாய்க்கு நேர் கீழே தலை.

கூந்தல் ஈரமாக இருந்தது.

உடம்பு... இன்றைக்கு விழுந்த உடம்பு இல்லை.

போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஆம்புலன்ஸ் 5.15-க்கு ரோலர்காரரை ஏற்றிக்கொண்டு போனது. பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தேன். எதிர்வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் சாட்சிக் கையெழுத்து போட்டார். 5.41-க்குப் படிவம் அலுவலகத்தில் சேர்ந்தது. இந்த நிலைமையில் படிவமா என்று நீங்கள் கேட்கலாம். ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனிதருக்கு அடுத்த மாதமும் பணம் வேண்டுமே. எனக்குத் தெரிந்த ஒரே உதவி அதுதான்.

குளியலறையில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடி என்றார் டாக்டர். இருபத்தெட்டாம் தேதி விடிவதற்கு முன்பே உயிர் போயிருக்கிறது. ரோலர்காரர் பிழைத்துக்கொண்டார். "இன்னும் ஒரு ராத்திரி தண்ணி இல்லாம தாங்கியிருக்க மாட்டார்" என்றும் டாக்டர் சொன்னார். மூன்று முறை தாழ்ப்பாளைத் திறந்து மூட முடிந்தவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்ற முடியாதா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

மூன்று முறை என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

பத்து நாள் கழித்து, அந்தச் சாவை விசாரித்த இன்ஸ்பெக்டர் என் அலுவலகத்துக்கே வந்தார். அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"மேடம், நீங்க சொன்னதை நான் எழுதிக்கல. எழுதுனா என்னைத்தான் லீவுல அனுப்புவாங்க."

"தெரியும் சார்."

"ஆனா நீங்க முதல் ஆள் இல்ல."

பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். கோப்பில் சேர்க்காத சீட்டு. அதில் இரண்டே வரி.

இருபத்தெட்டு, காலை 11.20. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்.

இருபத்தொன்பது, மாலை 6.30. எதிர்வீட்டுக்காரரின் மனைவி. விளக்கு போடவில்லையே என்று கேட்கப் போனவர்.

இரண்டு பேருக்கும் அந்த அம்மாதான் கதவைத் திறந்திருக்கிறார். இரண்டு பேரிடமும் "உள்ள வாங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார், திரும்பத் திரும்ப. சிலிண்டர்காரர் வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, வண்டி நிற்கிறது என்று போய்விட்டார். எதிர்வீட்டம்மா, அடுப்பில் வேலை இருக்கிறது, காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

"அந்தம்மா அதுக்கு என்ன சொன்னாங்களாம்?" என்று கேட்டேன்.

இன்ஸ்பெக்டர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் சொல்லலையாம் மேடம். கதவைச் சாத்தாம நின்னு அழுதாங்களாம். அப்போ தலையில இருந்து வழியுற தண்ணின்னு நினைச்சேன்னு சொல்லுது அந்த எதிர்வீட்டுப் பொண்ணு."