பாம்புக்கு வைத்த விளக்கு

மகள் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு விவசாயம் படிக்கப் போனபோது தன் உடுப்புகளையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு, பாம்பை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். விடுதியில் பாம்பு வளர்க்க அனுமதி இல்லையாம். விடுதிக்காரரின் புத்தியை எனக்கு மெச்சத் தோன்றியது. செம்மஞ்சள் நிறப் பாம்பு, விஷம் கிடையாது, என் கை நீளம்தான் இருக்கும். ஆனாலும் பாம்பு பாம்புதானே.

மொன்றியலின் சென்ட்-மிஷேலில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில், ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் அது குடியிருந்தது. போவதற்கு முன் மகள் எனக்குப் பாடம் நடத்தினாள். பாம்புக்குத் தன் உடம்பில் சூடு உண்டாக்கத் தெரியாது, வெளியில் இருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே தொட்டியின் ஒரு பக்கம் முப்பது பாகைக்குக் கிட்ட இருக்க வேண்டும், மறுபக்கம் அதைவிடக் குளிராக இருக்க வேண்டும். அது அங்கும் இங்கும் ஊர்ந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். சூடான பக்கத்தின் அடியில் ஒரு மின்சாரப் பாய். பாம்பு இழுத்துவிடாதபடி, அந்தப் பக்கக் கண்ணாடியின் உட்புறத்தில் தரைக்குச் சற்று மேலே, வயர் நுனியில் ஒரு சின்ன உணரி ஒட்டியிருந்தது. சூடு கூடினால் அது பாயை நிறுத்தும், குறைந்தால் மறுபடியும் போடும். சூட்டின் இலக்கம் வெளியே ஒரு சின்னத் திரையில் தெரியும்.

நான் வேலை செய்வது ஒரு குளிர்பதனக் கிடங்கில். பகல் முழுக்க மீனும் இறைச்சியும் உறைந்திருக்கின்றனவா என்று பார்க்கிறவனுக்கு, வீட்டுக்கு வந்தால் ஒரு பாம்பு உறையாமல் பார்க்கிற வேலை. மாசி மாதத்து மொன்றியலில் இரண்டில் எது கஷ்டம் என்று கேட்கவே தேவையில்லை.

மாலையானால் மகள் எங்களுக்குப் போன் எடுப்பாள். சூடு எவ்வளவு, தண்ணீர் மாற்றியாயிற்றா, தோல் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். நான் இலக்கங்களை வாசிப்பேன். எங்களைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. மனைவி பக்கத்தில் வந்து நின்று, அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

பாம்புக்கு உணவு கொடுக்க எனக்கு நேரம் கிடைத்தது வெள்ளிக்கிழமை மாலையில்தான். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் முட்டை கூட உடைக்க மாட்டோம். அன்றைக்குப் பார்த்து நான் உறைந்த சுண்டெலியை வெந்நீரில் போட்டு இளக்கிக்கொண்டு நிற்பேன். நாங்கள் தின்னவில்லை, பாம்புதானே தின்கிறது என்று மனைவிக்குச் சமாதானம் சொன்னேன். பிள்ளையாரின் வாகனத்தைப் பிடித்து நாகதம்பிரானுக்குத் தின்னக் கொடுக்கிறோம், அதுவும் வெள்ளிக்கிழமையில், இனி யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு பாம்பு சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. எலியை இடுக்கியால் பிடித்து ஆட்டுவேன். அது நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, சோம்பலாகத் தன் பொந்துக்குள் போய்விடும். அடுத்த வெள்ளியும் அப்படியே, அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. பாம்பும் வெள்ளி விரதம் பிடிக்கிறதாக்கும் என்று மனைவியைச் சீண்டினேன். ஆனால் அது மெலியத் தொடங்கியதும் என் பகிடி நின்றுவிட்டது. லொங்குய்யில் இருக்கும் தன் சிநேகிதி பாம்புகள் வளர்ப்பதில் கெட்டிக்காரி, சனிக்கிழமை அவளோடு வந்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்று மகள் சொன்னாள்.

தொல்லை விட்டது என்று மனைவியிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் கதிரையில் உட்கார்ந்தாள்.

"பாம்பு போனால், பிள்ளை என்னத்துக்கு இனிப் போன் எடுக்கப் போறாள்?"

எனக்குச் சுருக்கென்றது. அதன் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை கிடங்கில் கேட்டு, பெட்டிகளின் குளிரைத் தூர நின்றே குறிபார்த்து விசையை அழுத்திப் பார்க்கும் துவக்கு மாதிரியான வெப்பமானியை இரவல் வாங்கிக்கொண்டு, வழக்கத்தைவிட வேளைக்கே வீட்டுக்கு வந்தேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே கீழே இறங்கினேன். உணரியின் இலக்கம் முப்பத்திரண்டு என்றது. மூடியைத் திறந்து துவக்கைத் தொட்டியின் தரைக்குப் பிடித்தால் இருபத்தொன்று. அடியில் கையை விட்டுப் பார்த்தேன், பாய் சில்லென்று கிடந்தது. அந்தக் கருவியைச் செய்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடிக்கும்போதுதான் நல்லெண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது.

தொட்டியின் சூடான மூலையில், கண்ணாடியை ஒட்டினாற்போல், ஒரு பித்தளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், விளக்குக்கு நேரே, உணரி. விளக்கின் சூட்டில் கண்ணாடி கொதிக்க, தொட்டி முழுவதும் சூடாகிவிட்டது என்று நம்பி உணரி பாயை நிறுத்தியிருந்தது. குளிர்ந்துபோன பாம்புக்கு எங்கிருந்து பசி வரும்?

மனைவியைக் கூப்பிட்டேன். எலி கொடுக்கும் பாவத்துக்காக வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானமே விளக்கு வைப்பாளாம். நான் வரும் சத்தம் கேட்டதும் மேலே கொண்டுபோய் விடுவாளாம். கண்டால் நான் பகிடி பண்ணுவேன் என்ற பயம். இன்றைக்கு நான் வேளைக்கே வந்து நேரே கீழே இறங்கியதில் அகப்பட்டுவிட்டாள்.

"கும்பிடுறதெண்டால் கொஞ்சம் தள்ளி நிண்டு கும்பிட ஏலாதோ?" என்றேன்.

"கிட்ட வைச்சால்தானே அதுக்குத் தெரியும்," என்றாள்.

விளக்கை அணைக்காமல் அறையின் மறுகோடியில் இருந்த மேசையில் வைத்தேன். கண்ணாடி ஆறியதும் பாய் வேலை செய்யத் தொடங்கியது. நாங்கள் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். நடுநடுவே நான் துவக்கைப் பிடித்து இலக்கத்தைச் சொல்ல, அவள் எட்டிப் பார்த்தாள். தரை முப்பதைத் தொட்டுச் சிறிது நேரம் கழித்துப் பாம்பு தலையை வெளியே நீட்டியது. எலியை ஆட்டினேன். ஒரே பாய்ச்சல். மனைவி என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். திறந்தபோது எலியின் வால் மட்டும் மிச்சம்.

"விழுங்கிட்டுது," என்றாள். அத்தனை சந்தோஷமாக அவள் பேசிக் கேட்டு எவ்வளவோ காலம்.

உடனே மகளுக்குப் போன் எடுத்து விளக்குக் கதையைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பிரெஞ்சும் தமிழும் கலந்து எனக்குப் பாதி விளங்கவில்லை. பாம்பு இங்கேயே இருக்கட்டும் என்றேன். உங்களுக்குப் பாம்பு பிடிக்காதே, ஏன் என்று கேட்டாள். சுற்றி வளைக்காமல் அவளுடைய அம்மா சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன்.

"அம்மாட்டைக் குடுங்கோ," என்றாள்.

கொடுத்தேன். என்ன பேசினார்களோ தெரியாது. மனைவி "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லி, சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தாள். மறுநாள் மகள் வந்தாள், தனியாக.

இப்போதும் மாலையில் போன் வருகிறது. சூடு எவ்வளவு என்று என்னிடம் கேட்டு முடித்ததும் அது மனைவியின் கைக்குப் போய்விடும். அவர்கள் கதைத்து முடிப்பதற்குள் நான் பாம்பின் தண்ணீரை மாற்றி, என் சோற்றையும் சூடாக்கிச் சாப்பிட்டுவிடுவேன்.