பீட்ரூட் ஜூஸும் ஜெபக் குறிப்பும்

பொன்னுராஜ் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையில் இருபத்தெட்டு வருஷமாகத் தறி ஓட்டுகிறவர். கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போன பிறகுதான், வீட்டில் மூச்சுவிடாமல் மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்தார். உள்ளூரில் காட்டினால் தெரிந்த முகம் பார்த்துவிடும்.

"ரெண்டு கிட்னியும் பாதிக்கு மேல போயிருச்சு. தக்காளி, பீட்ரூட், மாதுளை பக்கமே போகாதீங்க. அதுல இருக்கிற பொட்டாசியத்தை உங்க கிட்னியால வெளியேத்த முடியாது. ரத்தத்துல ஏறிச்சுன்னா நெஞ்சு நின்னுபோகும்" என்றார் டாக்டர்.

வினை பாருங்கள், அதே வாரம் சர்ச்சில் பெண்கள் கூட்டம். சிவப்புக் காய் கனிகளில் ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய இருக்கிறது, ரத்தக் குழாய்க்கும் இதயத்துக்கும் நல்லது என்று ஓர் அம்மா பேசிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பொய்யில்லை. நல்ல உடம்புக்கு அது நல்லதுதான். கேட்டுவந்த ஜெயசித்ரா, சோர்ந்து திரிகிற புருஷனுக்குக் காலை ஐந்தரைக்கே பீட்ரூட்டும் தக்காளியும் மாதுளையும் அடித்து ஒரு டம்ளர் நீட்டினாள். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"எனக்குப் பிடிக்கலட்டி."

"மருந்துன்னு நெனச்சுக் குடிங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போவேன்?"

இந்த அன்பை என்ன செய்வது? உண்மையைச் சொல்லிவிடலாமே என்பீர்கள். ஜெயசித்ராவிடம் சொன்னால் புதன்கிழமை ஜெபக் குறிப்பில் ஏறிவிடும். 'சகோதரர் பொன்னுராஜ், சிறுநீரகம்' என்று மைக்கில் வாசிப்பார்கள். நோயை மறைத்தால் ஜெபம் கேட்கப்படாது என்பது அவள் நம்பிக்கை. அடுத்த நாளே செய்தி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும். அங்கேதான் மகள் ஷெரினுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை பிரேம்குமாரின் வீடு. மூன்று இடம் தட்டிப்போய் நாலாவதாக வாய்த்த சம்பந்தம். தகப்பனுக்குக் கிட்னி இல்லையாம், பெண்ணுக்கும் வருமோ என்று ஒரு வாய் கேட்டால் போதும். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று அவர் தினமும் டம்ளரை வாங்கிக் குடித்தார். ஒவ்வொரு மடக்குக்கும் உள்ளுக்குள் பயந்து செத்தார்.

நாள் குறிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஜெயசித்ரா எல்லோருக்கும் அந்த ஜூஸையே கொடுத்தாள். பிரேம்குமாரின் அப்பா ரத்தினம் மட்டும் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"எனக்கு வேண்டாம் சம்பந்தி. கிட்னில கோளாறு. இதெல்லாம் தொடக்கூடாதுன்னுட்டாரு டாக்டர்."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்! கிரியேட்டினின் எம்புட்டு, எந்த டாக்டர், ராத்திரி தூக்கம் வருதா என்று கேட்கப் பொன்னுராஜுக்கு நாக்கு துடித்தது. அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்து அழலாம் போலிருந்தது. ஆனால் அவர் மாப்பிள்ளையைப் பெற்றவர், சொல்லலாம்.

"அய்யோ அண்ணாச்சி, இந்தப் புதன்கிழமையே உங்க பேரை ஜெபத்துல சேத்துருதேன்" என்றாள் ஜெயசித்ரா.

"சேத்துக்கிடுங்கம்மா."

ரத்தினத்தின் மனைவி பொன்னுராஜ் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு ஒரு நோவும் கிடையாதுல்லா அண்ணாச்சி?"

கதவோரம் ஷெரின் நின்றிருந்தாள். "கர்த்தர் கிருபை, ஒண்ணுமில்ல" என்றார் பொன்னுராஜ்.

ரத்தினம் தள்ளி வைத்த டம்ளரை, வீணாகக் கூடாதென்று எடுத்து ஜெயசித்ரா புருஷன் கையில் கொடுத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன்னுடையதைக் குடித்த வாயைத் துடைத்துவிட்டு, அவர் அதையும் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

ஜெயசித்ராவின் முகம் மலர்ந்துபோயிற்று. "இப்பதான் இவியளுக்கு ருசி பிடிச்சிருக்கு. நாளையில இருந்து ரெண்டு டம்ளராப் போட்டுருதேன்" என்றாள்.