கூடத்து வெள்ளைத் தரை

எங்கள் அப்பா இறைவனடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களே, உங்களில் பாதிப் பேர், வீட்டுக்குத் தரை போடுகிறேன் என்று பெண்டாட்டியைப் படுக்கையில் தள்ளிய மனிதர் என்றுதான் அப்பாவை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சாவு வீட்டிலேயே இரண்டு பேர் அப்படிப் பேசிக்கொண்டதை நான் கேட்டேன். அதனால் நல்லதாக நாலு வார்த்தை எழுதி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பா பெண்ணாடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். மீசை முளைக்கும் முன்பே தாய் தந்தை இருவரையும் இழந்து, கரும்பு வெட்டப் போய், பிறகு விருத்தாசலம் வந்து செங்கல் சூளையில் மண் மிதித்தார். அதன் பின் பீங்கான் தொழிற்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. டைல்ஸைச் சூளையில் அடுக்குவதும், வெந்ததைப் பிரித்து எடுப்பதும் அவர் பொறுப்பு. காதோரம் வெள்ளைத் தூசி ஒட்டியபடியே வீட்டுக்கு வருவார். கோபம் வந்தால் பேச மாட்டார். வெளியே போய் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பார். அந்தச் சைக்கிள் எப்போதும் பளபளவென்று இருந்ததற்கு அவருடைய ஒரே மகளான நான்தான் காரணம்.

ரயில்வே கேட்டுக்கு அப்பால் எங்களுடையது ஓட்டு வீடு, மண் தரை. அம்மா வாரந்தோறும் சாணம் மெழுகுவார். மெழுகி எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அறுபதுகளின் நடுவில், கூடத்துக்காவது தரை போட்டுவிடுவது என்று அப்பா முடிவு செய்தார். என் கல்யாணமும் ஒரு காரணம். அம்மாவின் அண்ணன் மகனுக்குத்தான் நான் என்பது சிறு வயதிலேயே பேசி வைத்தது. திட்டக்குடியில் மாமா வீட்டில் சிமெண்டுத் தரை. அவர்கள் வரும்போதெல்லாம் எங்கே உட்கார வைப்பது என்று அம்மா தவிப்பார்.

லேசாகக் கோணியதையும் புள்ளி விழுந்ததையும் தொழிலாளிகளுக்குக் கொடுப்பது தொழிற்கூடத்தில் வழக்கம். அப்பா ஒரு நாள் இரண்டு டைல்ஸைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார். ஒன்று சொரசொரப்பான சிவப்பு, தரைக்கென்றே சுட்டது. மற்றது மினுங்கும் வெள்ளை. குளிக்கும் அறைச் சுவரில் ஒட்டலாம் என்று அதையும் எடுத்து வந்திருந்தார்.

அம்மா சிவப்பைத் தடவிப் பார்த்தார். "இதுவே இருக்கட்டுங்க. கோலம் போட்டா எடுப்பா தெரியும்."

நான் அப்போதுதான் ஆசிரியர் பயிற்சி முடித்துக் கடலூரிலிருந்து திரும்பியிருந்தேன். எங்கள் வகையறாவில் அவ்வளவு படித்த முதல் பெண். பயிற்சிப் பள்ளித் தலைமையாசிரியை வீட்டில் வெள்ளைத் தரையைப் பார்த்து மயங்கியிருந்தேன். அது சலவைக்கல் என்பதுகூட எனக்குத் தெரியாது.

"கூடத்துக்கு வெள்ளைதான் வேணும். செவப்பு போட்டா ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இருக்கும்" என்றேன்.

"அது செவுத்து டைல்ஸும்மா. தண்ணி பட்டா வழுக்கும்" என்றார் அப்பா.

"நாம என்ன நடுக்கூடத்துல தண்ணியா கொட்டிவக்கப் போறோம்?"

கொத்தனாரும், வெள்ளையைக் கீழே போட்டுத் தான் பார்த்ததில்லை என்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அப்பா அம்மாவிடம், "படிச்ச புள்ள சொல்லுது, போட்டுடலாம்" என்றார். அத்தனை ஆண்டுகள் சூளையில் நின்றவர், நேற்றுச் சான்றிதழ் வாங்கிய எனக்காகத் தன் அனுபவத்தை விட்டுக்கொடுத்தார்.

டைல்ஸை அண்டாவில் ஊறப்போட்டோம். கொத்தனார் நூல் பிடித்துப் பதிக்கப் பதிக்க, அப்பா பின்னாலேயே போய் ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்த்தார். அடியில் கலவை பிடிக்காமல் இருந்தால் சத்தம் மாறும். பெயர்த்து மறுபடி வைக்கச் சொல்வார். கோணியதெல்லாம் சுவரோரம் போயிற்று, நேரானது நடுவில். இடுக்குகளில் வெள்ளைச் சிமெண்டு பூசியது அம்மாவும் நானும். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. "வெள்ளையில வெள்ளை, போட்ட கோலமே தெரியல" என்று அம்மா மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அதுகூட எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வீடு மெழுகும் பழக்கம் அம்மாவை விடவில்லை. இனி மெழுக வழியில்லை என்பதால் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவ ஆரம்பித்தார். ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, சாமி விளக்குக்கு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அந்த ஈரத்தில் நடந்தார். நான் வாசலில் தலை வாரிக்கொண்டிருந்தேன். கிண்ணம் விழுந்த சத்தம்தான் கேட்டது. அம்மா கத்தவே இல்லை. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியிலும் பார்த்தோம், நாட்டுக் கட்டும் போட்டோம். அம்மா அதன் பிறகு எழுந்து நடக்கவில்லை.

சேதி கேட்டு அன்று மாலையே மாமா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தவர், தரையைப் பார்த்து அப்படியே நின்றார்.

"இந்த வழவழப்ப தரையில போடச் சொன்னது யாரு?"

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் மச்சான்."

"சூளையில வேல செய்யிற ஆளு, உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆசப்பட்டுட்டேன்."

மாமா அப்பாவிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

மாமா போனதும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அப்பாவிடம் அழுதேன். "அந்த வூட்டுக்குப் போவ வேண்டிய பொண்ணு நீ. தங்கச்சிய முடமாக்குனவன்னு என்னைச் சொல்லட்டும். உன்னைச் சொன்னா அங்க நீ எப்பிடி ஒரு வாய் சோறு திம்ப?" என்றார். கட்டிலில் கிடந்த அம்மா, "அவரு சொல்றதக் கேளு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் கேட்டுக்கொண்டேன். அவ்வளவு சுலபமாகக் கேட்டுக்கொண்டதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அப்பா விடுமுறை நாளெல்லாம் தரையில் உட்கார்ந்து சிற்றுளியால் அந்த மினுமினுப்பைக் கொத்தினார். பாதி டைல்ஸ் உடைந்துபோயின. அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டவும், தலை பின்னிவிடவும் பழகிக்கொண்டார். மூன்று ஆண்டுகள் அப்படிக் கழிந்து அம்மா போய்ச் சேர்ந்தார். தங்கைக்குக் கொடுத்த வாக்கை மாமா காப்பாற்றினார், என்னை மருமகளாக்கிக்கொண்டார். அப்பா மட்டும் அந்த வீட்டு வாசற்படியை மிதிக்கக்கூடாது என்றார். பழமலைநாதர் கோயிலில் நடந்த என் கல்யாணத்தில் அப்பா பந்தியில் உட்காரவில்லை.

என் பிள்ளைகளைப் பார்க்கத் திட்டக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு வருவார். டீக்கடை பெஞ்சில் அவர்களை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ் வரும்வரை இருப்பார். கிளம்பும்போது என்னிடம் தவறாமல், "உங்க மாமாவுக்கு வேளைக்குச் சாப்பாடு போடு. போயிட்டு வரேன்" என்பார்.

கடைசி மாதங்களில் இருமல் அவரை உருக்கிவிட்டது. உடைந்த அந்தத் தரையிலேயே பாய் விரித்துப் படுத்திருந்தார். "இப்பவாவது சொல்லிடறேம்பா" என்றேன். "எனக்கு அது பழகிப்போச்சும்மா, வுடு" என்றார். நான்காம் நாள் போய்விட்டார். மாமா வரவில்லை.

அம்மா விழுந்த அன்று தங்கள் வீட்டுக் கதவையே கழற்றி, அதில் கிடத்தித் தூக்கிச் சென்ற பக்கத்து வீட்டாருக்கும், அம்மாவைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்பாவின் முறைவேலையைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்ட சூளைத் தோழர்களுக்கும், எல்லாம் தெரிந்தும் இதுநாள்வரை வாய் திறக்காத கொத்தனாருக்கும் எங்கள் நன்றி. இதை எழுதப் போவதாக என் கணவரிடம் சொன்னேன். "எழுது" என்றார்.

மாமா, உங்கள் பிரதியை நானே கொண்டுவந்து தருவேன். வெள்ளைதான் வேண்டும் என்றது நான். அப்பா வேண்டாம் என்றார். படித்து முடித்ததும் என்னைக் கூப்பிடுங்கள். அடுப்படியில்தான் இருப்பேன்.