பார்க்காத முதல் பாதி

என் கூட்டாளிகளோடு உட்கார்ந்து படம் பார்ப்பது இப்போதெல்லாம் ஒரு தண்டனை. மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருத்தியின் வாடகை அறை. அங்கே ஐந்து பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி உட்காருவோம். பெயர் எழுத்து ஓடத் தொடங்கியதுமே யாராவது விரலை நீட்டி, "இதெல்லாம் சும்மா, தள்ளு" என்பாள். பத்து நிமிடம் பறந்துவிடும். கதாநாயகன் எந்த ஊர், அவனுக்குத் தாய் இருக்கிறாளா, ஏன் முகத்தை அப்படித் தூக்கி வைத்திருக்கிறான், ஒன்றும் தெரியாது. பாட்டு வந்தால் அதற்கும் அதே கதிதான். பாட்டைத் தள்ளிவிட்டுத் தமிழ்ப்படம் பார்க்கிறவர்கள் சோற்றைத் தள்ளிவிட்டு வாழையிலையைத் தின்னலாம். நான் சத்தம் போடுவேன். "தொடக்கம் பாக்காட்டி இவளுக்குக் காய்ச்சல் வந்திடும்" என்று சிரிப்பார்கள். வெளியே தெருவில் ஒரு கழுதை கத்தும். அதுவும் அவர்கள் கட்சிதான்.

எனக்கு இந்த வியாதி வந்ததற்குக் காரணம் என் மாமா.

அப்போது எனக்குப் பத்து வயது. நாட்டில் சண்டை முடிந்து பாதைகள் திறந்திருந்த புதிது. புதுப்படத்தைப் பெரிய திரையில் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் வவுனியாவுக்குப் பஸ் ஏற வேண்டும். வகுப்பில் அப்படி ஏறுகிற அதிர்ஷ்டம் ஒருவருக்கோ இருவருக்கோதான் கிடைக்கும். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பார்த்துவிட்டு வந்தவர் திங்கட்கிழமை இடைவேளையில் வேப்பமரத்தடியில் நின்று முழுப்படத்தையும் சொல்ல வேண்டும். முழுப்படம் என்றால் எழுத்து ஓடும்போது வருகிற இசை, சண்டையில் விழுகிறவனின் "ஆ", பாட்டில் எத்தனை உடுப்பு மாற்றினார்கள் என்பது வரை. ஒரு படம் மூன்று நாள் ஓடும். கேட்கிறவர்கள் உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய்த் துண்டு கொண்டுவருவார்கள்.

அந்த மரத்தடியில் நான்தான் ராணி. என் முதல் ரசிகை றிஸ்னா. அவள் வீட்டில் சினிமா என்ற பேச்சே இல்லை. அவளுக்குத் திரையும் நான், ஸ்பீக்கரும் நான். ஆனால் அவளிடம் ஒரு பிடிவாதம் இருந்தது.

"தொடக்கத்தில இருந்து சொல்லோணும். நடுவில தொடங்கினியெண்டா எழும்பிப் போயிருவன்" என்பாள். போயும் இருக்கிறாள். ஒருமுறை வங்காலையிலிருந்து வருகிற ஒருத்தி இடைவேளைக்குப் பிறகிருந்து கதையைத் தொடங்கப் பார்த்தாள். றிஸ்னா பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். அவள் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். வங்காலைக்காரியின் தொழில் அன்றோடு படுத்துவிட்டது.

அந்த வருடம் எங்கள் எல்லோருக்கும் பிடித்த நடிகரின் படம் ஒன்று வந்தது. முதல் நாளே போக வேண்டும் என்று நான் சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் அம்மா மாமாவைப் பிடித்தார். "இவளைக் கூட்டிக்கொண்டு போயிட்டு வா. உனக்கும் வெளியில போன மாதிரி இருக்கும்." மாமா "ஓம்" என்றார். அவர் எதற்கும் ஓம் என்றுதான் சொல்வார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சண்டை நடந்த வன்னியிலிருந்து அகதி முகாமுக்கும் முகாமிலிருந்து எங்கள் வீட்டுக்கும் வந்தவர். தனியாகத்தான் வந்தார். மாமியும் அவர்களின் மகளான, என்னைவிடச் சின்ன மச்சாளும் ஏன் கூட வரவில்லை என்று கேட்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். எங்கள் வீட்டில் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. செருப்போடு சாமியறைக்குள் போகக்கூடாது, விளக்கு வைத்தபின் சீப்பால் தலை இழுக்கக்கூடாது. அந்த வரிசையில் இதையும் போட்டுக்கொண்டு நான் என் பாட்டுக்குத் திரிந்தேன்.

பயணத்துக்கென்று அம்மா புதுச் செருப்பு வாங்கித் தந்தார். வளருகிற பிள்ளை என்ற வழக்கமான நியாயத்தில் ஒரு அளவு பெரிதாக.

காலையில் பஸ் நிலையத்தில் ஒரு தனியார் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நான் படியில் கால் வைத்தும் விட்டேன். மாமா என்னை இறக்கினார். சக்கரத்துக்கு மேலே உள்ள சீற்றுத்தான் இருக்கிறதாம், உதறுமாம். அடுத்த பஸ்ஸில் போவோமாம். அடுத்தது அரசாங்க பஸ். அதன் சாரதி வழியில் கை நீட்டிய ஒவ்வொரு மனிதருக்கும் நின்றார். கை நீட்டாத சிலருக்கும் நின்றார். மாமா யன்னல் ஓரமாக அமைதியாக உட்கார்ந்திருந்தார். நான் என் மனதுக்குள் படத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்: இருட்டு, இசை, அந்த நடிகரின் பெயர் எழுத்தெழுத்தாக வரும், வெளியே வெடி கொளுத்துவார்கள். முதல் நாள் காட்சியின் உயிரே அந்த வெடியில்தான். அதை எப்படி வாயால் வெடிப்பது என்று வீட்டிலேயே பழகி வைத்திருந்தேன்.

முருங்கனில் பஸ் நின்றதும் மாமா எழுந்தார்.

"இறங்கு. பெரியம்மா வீட்டை எட்டிப் பாத்திட்டுப் போவம்."

"எந்தப் பெரியம்மா?"

"ஒரு பெரியம்மா."

நியாயமாகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த நாள் முதல் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கும் போகாத மனிதர் இவர். யாராவது வந்தால் பின்பக்கத்தால் கிணற்றடிக்குப் போய்விடுவார். அவருக்குச் சொந்தத்தின்மேல் பாசம் வருவதற்கு என் படம் நடக்கிற நாள்தானா கிடைத்தது?

அந்தப் பெரியம்மா எங்களைக் கண்டதும் கையில் இருந்த சுளகைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மாமாவின் கன்னத்தைத் தடவினார், அழுதார், பிறகு என்னைத் தடவினார். "ஊரைத் தாண்டிப் போற ஆக்கள் வாசல்ல கால் வைக்காமப் போகலாமோ? இருங்கோ, சோறு போடுறன்."

"படத்துக்கு நேரமாகுது பெரியம்மா" என்றேன்.

"படம் எங்க ஓடப் போகுது? அது அங்கதானே ஓடும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் போவது எளிது, வெளியே வருவதுதான் வித்தை. தேத்தண்ணி வந்தது. பிறகு சோறு. பிறகு மீன் குழம்பு கொதிக்கும்வரை பேச்சு. மாமா எழும்பவேயில்லை. இரண்டாம் தரம் சோறு வாங்கினார். வீட்டில் அம்மா கெஞ்சினாலும் வாங்காதவர். நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன். "மெதுவாச் சாப்பிடு, முள்ளு" என்றார்.

வவுனியாவில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஓட்டோ பிடிக்கலாம் என்றேன். நடப்போம் என்றார். சரி, ஓடலாம் என்று நான் ஓடினால் ஒரு கால் செருப்பு கழன்று தெருவில் கிடக்கும். ஒவ்வொரு முறையும் மாமா திரும்பி நடந்து போய், அதை எடுத்து, தூசி தட்டி, குனிந்து என் காலில் மாட்டிவிட்டு, "பாத்து நட. செருப்பு கவனம்" என்றார். எனக்குச் செருப்பா கவனம்? படமல்லவா!

திரையரங்கு வாசலில் சிவப்புக் கடதாசித் துண்டுகள் காலடியில் மெத்தைபோல் கிடந்தன. வெடி வெடித்த கடதாசி. மாமா உள்ளே போகாமல், வாசலில் நின்றவரிடம் கேட்டார்: "தம்பி, வெடியெல்லாம் கொளுத்தி முடிஞ்சுதோ?"

"அதெல்லாம் காலமையே முடிஞ்சுது அண்ணே. இப்ப இடைவேளையும் முடியுது. பிந்திப்போனியள்."

"இனிக் கொளுத்தமாட்டினம்தானே?"

"இந்தக் காட்சிக்கு இல்லை."

மாமா மூச்சு விட்டார். பாவம், அவருக்கும் ஏமாற்றம் போல என்று நினைத்தேன். அப்போதும் எனக்கு அழுகைதான் வந்தது. இந்தக் காட்சி முடிந்ததும் அடுத்த காட்சியின் முதல் பாதியைப் பார்த்துவிட்டுப் போவோம் என்றேன். பஸ் போய்விடுமாம். பஸ்! காலையில் ஒன்றை வேண்டாமென்று விட்ட மனிதர்!

உள்ளே கூட்டிப் போய், பிள்ளைகளோடு இருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் என்னை இருத்தினார். "அக்கா, இவாவைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ. நான் வாசல்லதான் நிக்கிறன்." நான் கூப்பிட்டுப் பார்த்தேன். திரையில் எதுவோ பெரிதாக இடித்தது. அவர் கதவுக்கு வெளியே போய்விட்டார். டிக்கெற் வாங்கிவிட்டு வெளியே நின்று படம் பார்த்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் என் மாமாதான்.

இரண்டாம் பாதியில் எனக்குப் பாட்டு விளங்கியது, சண்டை விளங்கியது. ஒரு விஷயம் மட்டும் விளங்கவேயில்லை. கதாநாயகன் ஒரு சின்னப் பிள்ளையின் ஒற்றைச் செருப்பை எப்போதும் தன்னோடு வைத்திருந்தான். அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அரங்கு முழுவதும் மூக்கை உறிஞ்சியது.

"அன்ரி, அது ஆரின்ர செருப்பு?"

"உஸ்! அது முதலே காட்டினதெல்லோ பிள்ளை" என்று அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். எல்லோரும் அழுகிற இடத்தில் எதற்கு அழுகிறார்கள் என்று தெரியாமல் இருப்பதைப்போல எரிச்சல் வேறில்லை.

படம் முடிந்து வெளியே வந்தேன். மாமா எதிரே மரத்துக்குக் கீழே, விட்ட இடத்திலேயே, கையில் ஒரு கடலைப் பையோடு நின்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் கேட்டார்: "கதை என்னவாம்?"

கோபத்தில் பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் கதை என்று ஒருவர் கேட்டால் என் வாய் நிற்காது. இரண்டாம் பாதி முழுவதையும் சண்டையோடு சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கே திரும்ப எரிந்தது.

"ஆனா அந்தச் செருப்பு ஆரின்ரயெண்டு தெரியேல்லை. எல்லாம் உங்களால. தொடக்கம் இல்லாம றிஸ்னாவுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

செட்டிகுளம் வந்தது. மாமா முன்பு தான் இருந்த முகாமின் பக்கத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். அதைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனபிறகுதான் வாயைத் திறந்தார்.

"அது அவன்ர மகளின்ர செருப்பாயிருக்கும்."

"மகளோ? அவருக்கு இன்னும் கலியாணமே ஆகேல்லை. இப்பதானே பாட்டில ஆடுறார்."

"முதல் பாதியில ஒரு குடும்பம் இருந்திருக்கும். எல்லாரும் தண்ணிக்குள்ளால நடந்து வந்திருப்பினம். இடுப்பளவு தண்ணி. சனமெண்டாச் சனம். அவன் பிள்ளையைத் தோளில வைச்சிருந்திருப்பான். தாய்க்காரி பின்னால பையோட வந்திருப்பா."

எனக்குக் கொஞ்சம் ஆர்வம் வந்தது. "வில்லன் ஆர்?"

"வில்லனை ஒருதரும் கண்டிருக்கமாட்டினம். சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும்."

"பிறகு?"

"சனம் இடிச்சுத் தள்ளியிருக்கும். அவன் விழுந்திருப்பான். எழும்பிப் பாத்தா கையில செருப்பு மட்டும் இருந்திருக்கும்."

"அப்ப பிள்ளை எங்க?"

"அதைத்தானே அவன் தேடிக்கொண்டு திரியிறான்."

நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். மரத்தடியில் நின்று இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. றிஸ்னா பாவாடையைத் தட்டுவாள்.

"இது சரிவராது மாமா. ஒரு பாட்டும் இல்லை, ஒரு பகிடியும் இல்லை. சண்டையில அவர் ஒருத்தருக்கும் அடிக்கவும் இல்லை. இப்படி ஆர் படம் எடுப்பினம்? உங்களுக்குக் கதை சொல்லத் தெரியாது."

"ஓம்" என்றார் மாமா. "பாட்டு ஒண்டும் இல்லைத்தான்."

முதல் பாதியை நானே செய்துகொண்டேன். கறுப்புக் கார், கண்ணாடி போட்ட வில்லன், கோயில் திருவிழாவில் காணாமற்போன தங்கச்சி, இரண்டு பாட்டு. திங்கட்கிழமை வெடியையும் வாயாலேயே வெடித்தேன். றிஸ்னா கடைசிவரை எழும்பவில்லை. மாங்காயை மறந்துவிட்டு அழுதாள். பல வருடம் கழித்து அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் தொடக்கத்திலிருந்து பார்த்தேன். உண்மையான முதல் பாதி என்னுடையதைவிட மோசம்.

மாமா இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். நான் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் இன்றைக்கும் கதை கேட்பார். "தொடக்கத்தை விடு, முடிவைச் சொல்லு" என்பார். என் வாழ்க்கையில் ஒரு பக்கம் றிஸ்னா, மறுபக்கம் மாமா. இரண்டு பேருக்கும் நடுவில் ஒருத்தி எப்படித்தான் படம் சொல்வது?

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் முருங்கன் வரும்வரை யன்னலைப் பார்த்துக் கோபமாக இருந்தது நினைவிருக்கிறது. பிறகு தூங்கிவிட்டேன். மன்னார்ப் பாலத்தில் கடற்காற்று முகத்தில் அடித்தபோது விழித்தேன். என் கால்கள் வெறுமையாக இருந்தன. சீற்றுக்குக் கீழே தடவினேன், இல்லை. நிமிர்ந்து பார்த்தால் இரண்டு செருப்பும் மாமாவின் மடியில். தூசியும் தாருமாக இருந்த அவற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சீற்று ஆட்கள் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

"என்ன மாமா இது? ஊத்தைச் செருப்பு. கீழ வையுங்கோ."

"விழுந்திடும்" என்றார்.

கதவு சாத்தியிருந்த பஸ்ஸுக்குள், சீற்றுக்கு அடியில் கிடக்கிற செருப்பு எங்கே போய் விழும் என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். மன்னார் வரும்வரை விளங்கப்படுத்தினேன். மனிதர் விடவேயில்லை.