காய்ந்த குழி

அந்த ஊரில் மேட்டு நிலம் முழுவதும் வீடாகிவிட்டது. ஆற்றை ஒட்டிய கரையும் சற்று உயரம்தான். வெள்ளம் வரும்போதெல்லாம் மணலும் வண்டலும் முதலில் அங்கேதான் படியும். தண்ணீர் நிற்காது, போட்டதெல்லாம் விளையும். அதனால் அது காய்கறித் தோட்டம். கரைக்கும் மேட்டுக்கும் நடுவே கிடந்த பள்ளத்தில் வெறும் களிமண். பயிர் வைத்தால் வேர் அழுகும், வீடு கட்டினால் சுவர் விரியும். எதற்கும் உதவாத அந்த இடத்தைச் செத்தவர்களுக்கு ஒதுக்குவதில் ஊருக்குத் தாராள மனசு.

குழிவெட்டி அந்தப் பள்ளத்தில்தான் தலை நரைத்தார். இடுப்பளவு தோண்டினால் மண் நீலம் பாரித்துவிடும்; அதற்குக் கீழே நாலு பக்கமும் தண்ணீர் கசியும். பிணம் வந்து சேர்வதற்குள் வாளியால் இறைத்துவிட்டு, அடியில் உலர்ந்த ஆற்று மணலைக் கனமாகத் தூவுவார். எட்டிப் பார்ப்பவர்களுக்குக் குழி காய்ந்து தெரியும். மணல் கொஞ்ச நேரம்தான் தாங்கும், பிறகு ஈரம் ஏறிக் கறுத்துவிடும். கூடையில் மணல் சுமந்து தந்தவள் அவர் மனைவி. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளுக்குக்கூட இந்தச் சங்கதி தெரியாது.

நோயில் படுத்தபின் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என்னைத் தண்ணியில போட்டுடாதீங்க. என்னையெல்லாம் மணல் தூவி ஏமாத்த முடியாது, ஆமா!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "சத்தியமா போடமாட்டேன்" என்றார்.

மழை விடாமல் பெய்த வாரத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். விடிந்ததும் அவர் தோட்டக்காரன் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, கரையில ஒரு ஓரமா அவளுக்கு மட்டும் இடம் குடுப்பா."

தோட்டக்காரன் கல்நெஞ்சன் அல்ல. அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"விளையற மண்ணுல எப்படிண்ணே? போன மழையில எங்கம்மாவை வச்சீங்களே, சுத்தியும் சேறு, குழி மட்டும் எவ்வளவு காஞ்சு கிடந்துச்சு! நான்தான் கண்ணால பார்த்தேனே. அதை நெனச்சுத்தான் எனக்குத் தூக்கமே வருது. அண்ணிக்கும் அதே மாதிரி ஒண்ணு வெட்டுங்க."

உண்மையைச் சொல்லியிருந்தால் இடம் கிடைத்திருக்கும். வாய்வரை வந்தும்விட்டது. எதிரே நின்றவனின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டார். "சரிப்பா" என்று திரும்பிவிட்டார். பாவி மனுஷன், சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அதைக் கேட்டபிறகு அவன் எப்படித் தூங்குவான்?

பள்ளத்தில் தானே வெட்டினார், தானே இறைத்தார். மகள் பார்ப்பாளே என்று மணலையும் தூவினார். அப்போது வாய்விட்டு அழுதார்.

மகள் எட்டிப் பார்த்தாள். "பரவாயில்லப்பா, காஞ்ச இடமாதான் பார்த்திருக்கே" என்று அவர் தோளில் சாய்ந்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. அதற்குள் மணலின் ஓரம் கறுக்கத் தொடங்கியது.

"நேரமாச்சு, இறக்குங்க" என்றார், தூக்கி வந்தவர்களிடம்.

"இன்னும் கொஞ்ச நேரம்பா..."

"இறக்குங்கடா!" மகளின் விரல்களை அவரே பிரித்து எடுத்தார்.

அவள் அவரை வெறித்துப் பார்த்தாள். "அம்மாவை மூடிட்டுப் போக அவ்வளவு அவசரமா உனக்கு? புதைச்சுப் புதைச்சு மனசே மரத்துப் போச்சா?"

அவர் குனிந்து வேகவேகமாக மண்ணைத் தள்ளினார். அன்று மாலை பஸ் ஏறிய மகள் அதற்குப் பிறகு அவரை அப்பா என்று கூப்பிடவே இல்லை.